64 கட்டத்து நெல்: 18446744073709551615 எந்த எண்களால் வகுபடும்?

சம்மாந்துறையில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்.

"சேர், சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்து வைத்தால் மொத்தம் 18446744073709551615 வருகிறது. இதன் முதன்மைக் காரணிகளைக் காணச் சொல்லி ரியூசனில் தந்திருக்கிறார்கள். 3, 5 இரண்டும் பார்த்தவுடன் தெரிகிறது. அதற்கு மேல் போக முடியவில்லை. கணிப்பான் 1.844674407 × 10¹⁹ என்று மட்டும் காட்டுகிறது. போனில் விரிதாளில் போட்டால் கடைசி இலக்கங்கள் எல்லாம் பூச்சியமாகி விடுகின்றன. 15ஆல் வகுத்த பிறகு மிஞ்சுவது முதன்மை எண்ணா? இன்னொன்று, எங்கட வாப்பா ஆறு ஏக்கர் வயல் செய்கிறார். இவ்வளவு நெல் எங்கேயாவது விளையுமா என்று அவர் கேட்கிறார்."

வாப்பாவின் கேள்விதான் சுலபம், அதை முதலில் முடித்து விடுவோம். ஒரு நெல்மணி ஏறக்குறைய 25 மில்லிகிராம் என்று வையுங்கள். சம்பா இதைவிடக் குறையும், 'நாடு' என்ற நெல்லினம் இந்த அளவில் நிற்கும். ஏக்கருக்கு 2 தொன் கண்டால் ஒரு ஏக்கரில் 8 கோடி மணி. ஆறு ஏக்கருக்கு 48 கோடி. முதல் 28 கட்டங்களுக்கு மொத்தம் 26,84,35,455 மணி வேண்டும். அது வயலில் இருக்கிறது. 29ஆம் கட்டத்துக்கு மட்டும் இன்னும் 26,84,35,456 மணி வேண்டும். மிச்சமிருக்கும் 21 கோடி சொச்சம் அதற்குக் காணாது. ஆகவே பெரும்போகத்தில் முழுவதையும் அள்ளிக் கொடுத்தாலும் வாப்பா 28ஆம் கட்டத்தில் நின்றுவிடுவார். இலங்கை முழுவதும் நல்ல ஆண்டொன்றில் விளையும் 5 மில்லியன் தொன்னையும் கொட்டினால் 47ஆம் கட்டம். உலகத்து நெல் முழுவதையும் ஓர் ஆண்டுக்கு வாங்கிக் கொட்டினால் 54ஆம் கட்டம். 64ஐயும் நிரப்ப ஏறத்தாழ 461 பில்லியன் தொன் தேவை. எங்கள் நாட்டின் விளைச்சலால் அதைக் கட்ட 90,000 ஆண்டுக்கு மேல் செல்லும். இந்தக் கதையை 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே கோதுமை, எங்கள் பக்கம் நெல்.

இனி உங்கள் கேள்வி. விடையை முன்னாலேயே சொல்லி விடுகிறேன், ஏனென்றால் விடையை விட அதற்குப் போகும் வழிதான் இங்கே பாடம்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு முதன்மை எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. 15ஆல் வகுத்தால் மிஞ்சும் 1229782938247303441 முதன்மை எண் அல்ல; அதற்குள் இன்னும் ஐந்து காரணிகள் ஒளிந்திருக்கின்றன.

போனும் விரிதாளும் ஏன் ஏமாற்றுகின்றன என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். விரிதாள் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களைத்தான் காட்டும், அதற்குப் பின்னால் பூச்சியம் போட்டு நிரப்பும். உள்ளே சேமிப்பதும் 53 இரும இலக்கங்களுக்கு மேல் நுணுக்கமாக இராது. உங்கள் எண்ணுக்கு 64 இரும இலக்கங்கள் வேண்டும். அதனால் அது பக்கத்தில் இருக்கும் 2⁶⁴ ஆக மாறிப் பதிவாகிறது. ஒற்றை எண்ணைக் கொடுத்தீர்கள், அது இரட்டை எண்ணை வைத்துக்கொண்டு கணக்குச் செய்கிறது. அங்கே வகுத்துப் பார்த்து "மீதி இல்லை" என்று வந்தாலும் நம்பாதீர்கள், "மீதி இருக்கு" என்று வந்தாலும் நம்பாதீர்கள். பைதன் போன்ற மொழியில் முழு எண் எவ்வளவு நீளமானாலும் ஓர் இலக்கமும் சிதையாது. சரிபார்க்க வேண்டுமானால் அங்கே பாருங்கள். ஆனால் கீழே உள்ள எதற்கும் அதுவும் தேவையில்லை, பேனையும் கொப்பியும் காணும்.

நீங்கள் செய்த வழி எல்லாரும் முதலில் செய்வது: எண்ணின் இலக்கங்களைப் பார்ப்பது. கடைசி இலக்கம் 5, எனவே 5ஆல் வகுபடும். கடைசி இரண்டும் 15, எனவே 25ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 87, எனவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 11க்கு ஒன்றுவிட்டொன்று கூட்டிக் கழித்தால் 62 − 25 = 37, வகுபடாது. இதோடு இலக்கங்கள் சொல்லக்கூடிய செய்தி தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் 7, 13, 17, 19 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனால் எங்கே நிற்பது? எண்ணின் வர்க்கமூலம் வரை போக வேண்டும். அது 4294967296க்கு ஒரு மயிரிழை கீழே. அதுவரை 203280221 முதன்மை எண்கள் இருக்கின்றன. பத்துச் செக்கனுக்கு ஒன்று வீதம் நித்திரை கொள்ளாமல் வகுத்தாலும் 64 ஆண்டு கடந்துவிடும்.

ஆகவே இலக்கங்களை விட்டுவிடுங்கள். இந்த எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1 + 2 + 4 + ... என்ற பெருக்கல் விருத்தியின் 64 உறுப்புகளின் கூட்டுத்தொகை அது, அதாவது 2⁶⁴ − 1. 64 இரட்டை எண் என்பதால் 2⁶⁴ ஒரு வர்க்கம், 1உம் வர்க்கம். இரு வர்க்கங்களின் வித்தியாசம்! சாதாரண தரத்தில் படித்த க² − 1 = (க − 1)(க + 1) தான்.

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இடப்பக்கத்துக் காரணி மறுபடியும் அதே வடிவம். அதை 2¹⁶ஆல் உடைக்கலாம், பிறகு 2⁸, 2⁴, 2², 2. கடைசியில் மிஞ்சும் 2 − 1 என்பது 1. எனவே

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

நான்கு வரியில் இருபது இலக்க எண் ஆறு துண்டாகி விட்டது. இதைச் செய்ய எந்த இடத்திலும் நீங்கள் அந்த இருபது இலக்கத்தைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வகுப்புகளில் நான் பார்ப்பது, பிள்ளைகள் விருத்தியைக் கூட்டி விடையை எடுத்தவுடன் 2⁶⁴ − 1 என்ற வடிவத்தை அழித்துவிட்டு நீள எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வடிவம்தான் சொத்து. நீள எண் வெறும் விலாசம்.

துண்டுகளுக்குள் பொதுக் காரணி ஏதும் இருக்குமா? இராது. எந்தத் துண்டை எடுத்தாலும் அதற்கு முந்தியவை எல்லாவற்றின் பெருக்கம் அதைவிடச் சரியாக 2 குறைவு. 3 × 5 = 15, அது 17 − 2. 3 × 5 × 17 = 255, அது 257 − 2. ஒரு பொதுக் காரணி இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் எல்லாம் ஒற்றை எண்கள். ஆகவே ஒரே முதன்மை எண் இரண்டு துண்டில் வராது.

இந்த ஆறு எண்களுக்கும் பழைய வரலாறு உண்டு. 2இன் வலுவோடு 1ஐக் கூட்டி, அந்த வலுவின் சுட்டியும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் இவற்றை ஃபெர்மா எண்கள் என்பார்கள். பிரெஞ்சுச் சட்டத்தரணி ஃபெர்மா 1640இல் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள் என்று கண்டு, இப்படியே போனால் எல்லாம் முதன்மைதான் என்று நம்பினார். 1732இல் ஆய்லர் ஆறாவதைப் பிடித்தார். 4294967297 முதன்மை அல்ல, 641ஆல் வகுபடும். உங்கள் கணக்கின் முள் குத்தும் இடமும் அதுதான். முதல் ஐந்தோடு நின்று, ஆறாவதும் முதன்மைதான் என்று விடை எழுதுகிறவர்கள் பலர்.

641 எங்கிருந்து வந்தது? யாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததல்ல. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம், எண் கோட்பாட்டின் ருசி இங்கேதான் இருக்கிறது.

ஒரு முதன்மை எண்ணை எடுத்து, 2இன் வலுக்களை அதனால் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 17க்கு எழுதிப் பார்த்தால்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாவது அடியில் 1 வந்துவிட்டது. அதன் பிறகு 2, 4, 8 என்று பழையபடி சுற்றும். சுற்றின் நீளம் 8. 7க்கு எழுதினால் 2, 4, 1, நீளம் 3. 11க்கு 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1, நீளம் 10.

இப்போது 2⁶⁴ − 1 ஒரு முதன்மை எண்ணால் வகுபட வேண்டுமானால் 64ஆவது அடியில் மீதி 1ஆக இருக்க வேண்டும். அதாவது சுற்று 64இல் சரியாக முடிய வேண்டும். சுற்றின் நீளம் 64ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 3 வகுக்காது, எனவே 7 காரணி அல்ல. 10 வகுக்காது, எனவே 11 அல்ல. 13இன் நீளம் 12, அதுவும் அல்ல. இருபது இலக்க எண்ணை 7ஆல் வகுக்காமலே, மூன்று மீதியை எழுதியே முடிவு சொல்லியாயிற்று. மீதி எவ்வளவு என்றும் சொல்லலாம்: 64ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 2⁶⁴இன் மீதியும் 2¹இன் மீதியும் ஒன்று, அதாவது 2. ஒன்றைக் கழித்தால் 1. அந்த நெல் முழுவதையும் ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஒரே ஒரு மணி மிஞ்சும்.

64ஐ வகுக்கும் எண்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 மட்டும். ஆகவே எங்கள் காரணிகள் எல்லாவற்றின் சுற்று நீளமும் இந்தப் பட்டியலுக்குள்தான். 3க்கு நீளம் 2, 5க்கு 4, 17க்கு 8, 257க்கு 16, 65537க்கு 32. 4294967297இன் காரணிகள் முந்திய துண்டுகளில் வராதவை, எனவே அவற்றின் சுற்று 32இலோ அதற்கு முன்போ முடியாது; நீளம் 64.

இரண்டாவது சாவி ஃபெர்மாவே தந்தது: ப என்பது 2 அல்லாத முதன்மை எண்ணானால் 2இன் (ப − 1)ஆம் வலுவைப் பஆல் வகுக்க மீதி 1. எனவே சுற்று நீளம் எப்போதும் (ப − 1)ஐ வகுக்கும். 4294967297ஐ வகுக்கும் முதன்மை எண்ணின் நீளம் 64 என்றால், அந்த எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் 64இன் மடங்கு. அதாவது அது 64இன் மடங்கோடு 1: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டு விட்டது! 64 ஆண்டு வேலை ஐந்து வகுத்தலாகச் சுருங்கியது.

இந்த ஐந்து வகுத்தலை ஃபெர்மா ஏன் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத விடயம். அதே 1640இல், இதே உத்தியால்தான் அவர் 2³⁷ − 1இன் காரணி 223 என்று கண்டார். அங்கே 74இன் மடங்கோடு 1 என்ற வடிவம்: 149ஐப் பார்த்தார், அடுத்தது 223, முடிந்தது. கருவி கையில் இருந்தது. ஐந்து தடவை சரியாக வந்த ஒழுங்கு ஆறாவது தடவையும் வரும் என்ற நம்பிக்கை அவரையும் சாய்த்திருக்க வேண்டும்.

பட்டியலை இன்னும் பாதியாக்கலாம். ப என்பது 64இன் மடங்கோடு 1ஆக இருந்தால் அது 8இன் மடங்கோடு 1உம் ஆகும். அப்படியான முதன்மை எண்ணுக்கு 2 ஒரு வர்க்க மீதி, அதாவது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தைப் பஆல் வகுத்தால் மீதி 2 வரும். அதனால் சுற்று நீளம் (ப − 1)இன் பாதியையே வகுக்கும். ஆகவே ப என்பது 128இன் மடங்கோடு 1. இதை 1878இல் லூக்காஸ் காட்டினார். இப்போது 129, 257, 385, 513, 641 மட்டும். 129, 385, 513 முதன்மை அல்ல. 257 தானே ஒரு ஃபெர்மா எண், பொதுக் காரணி இல்லை என்று மேலே கண்டோம். சோதிக்க வேண்டிய முதலாவது எண்ணே 641.

641 உண்மையில் வகுக்கிறதா என்று பத்து இலக்கத்தை வகுக்காமலே பாருங்கள். மீதிகளை வர்க்கித்துக்கொண்டு போனால் காணும். 2⁸ = 256. அதை வர்க்கித்தால் 65536 = 641 × 102 + 154, எனவே 2¹⁶இன் மீதி 154. அதை வர்க்கித்தால் 23716. ஆனால் 641 × 37 = 23717. ஒன்று குறைவு! அதாவது 2³²இன் மீதி −1, ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும். இரண்டு வர்க்கம், இரண்டு வகுத்தல். கணிப்பான் இல்லாத பரீட்சை மண்டபத்திலும் செய்யலாம்.

இதைவிட நேர்த்தியான வழியும் உண்டு, மனப்பாடம் செய்து வைத்தால் நண்பர்களை அசத்தலாம். 641 = 5 × 2⁷ + 1. அதோடு 641 = 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து 5 × 2⁷இன் மீதி −1. நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். −2⁴ × 2²⁸ = −2³², அதன் மீதி 1. முடிந்தது.

4294967297 ÷ 641 = 6700417. இதுவும் உடையுமா? இதன் காரணிகளும் அதே 128இன் மடங்கோடு 1 என்ற கட்டளைக்குள் அடங்க வேண்டும். வர்க்கமூலம் 2588க்கும் 2589க்கும் இடையில். அதுவரை அந்த வடிவில் இருபது எண்கள். அவற்றில் முதன்மை 257, 641, 769, 1153, 1409 ஐந்துதான். வகுத்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றிலும் பூச்சியம் வரவில்லை. ஆகவே 6700417 முதன்மை எண். ஏழு இலக்க எண் முதன்மை என்று ஐந்து வகுத்தலில் நிறுவி விட்டீர்கள்.

65537ஐயும் விட்டுவிடக் கூடாது. "புத்தகத்தில் முதன்மை என்று போட்டிருக்கு" என்று எழுதினால் புள்ளி குறைக்க எனக்கே மனம் வரும். சுற்று நீளம் 32, லூக்காஸின் பாதியாக்கும் உத்தியோடு 64இன் மடங்கோடு 1. வர்க்கமூலம் 256க்குக் கொஞ்சம் மேல். 65, 129, 193. முதன்மை 193 ஒன்றுதான். 65537 = 193 × 339 + 110. வகுபடவில்லை, முதன்மை. 257க்கு அந்தச் சிரமமும் இல்லை: நீளம் 16, காரணி 17இலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் வர்க்கமூலம் 16க்கும் 17க்கும் இடையில். சோதிக்க எண்ணே இல்லை.

ஏழு காரணிகளும் வந்து சேர்ந்த பிறகு மற்ற இயல்புகள் தாமாக வரும். எந்த முதன்மையும் இரட்டிக்காததால், ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம்: 2⁷ = 128 காரணிகள், 1உம் எண்ணும் உட்பட. 128ஐ இரண்டிரண்டாகச் சேர்த்தால் 64 சோடி. ஒற்றை எண்ணின் ஒவ்வொரு காரணிச் சோடியும் அதை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத ஒரு வழி தரும். ஆகவே 64 கட்டத்து நெல்லைச் சரியாக 64 விதமாக வர்க்க வித்தியாசமாக எழுதலாம்! இதில் ஆழமான காரணம் எதுவும் இல்லை, வெறும் தற்செயல். ஃபெர்மா நினைத்தபடி ஆறாவதும் முதன்மையாக இருந்திருந்தால் 32 விதம்தான் வந்திருக்கும். மறுபுறம் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை ஒருபோதும் எழுத முடியாது: 4ஆல் வகுத்தால் மீதி 3 வருகிறது, வர்க்கங்களோ மீதி 0 அல்லது 1தான் தரும். காரணிகள் எல்லாவற்றையும் கூட்டினால் எண்ணின் 1.703 மடங்கு அளவில் வரும். தன்னை விட்டுவிட்டுக் கூட்டினால் தன்னளவுக்கு எட்டாது. நிறைவான எண் என்ற கதைக்கு இது ஆள் இல்லை.

கேத்திரகணிதத்தில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது, அது எனக்குப் பிடித்த பகுதி. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்து எந்த ஒழுங்கான பல்கோணியை வரையலாம்? 1796இல் காஸ், 18 வயதில், 17 பக்கப் பல்கோணி வரையத்தக்கது என்று காட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றை எண்ணானால் அது வெவ்வேறு ஃபெர்மா முதன்மைகளின் பெருக்கமாக மட்டும் இருக்க வேண்டும் என்பது விதி. மற்றவற்றால் முடியாது என்ற பாதியை 1837இல் வான்ட்செல் நிறுவினார். அறியப்பட்ட ஃபெர்மா முதன்மை ஐந்தே ஐந்து. ஐந்தையும் பெருக்கினால் 4294967295, அது 2³² − 1. அதாவது பலகையின் முதல் பாதி, 32 கட்டத்து நெல். அத்தனை பக்கம் கொண்ட பல்கோணியைக் கொள்கையளவில் வரையலாம். அறியப்பட்ட ஒற்றைப் பக்க எண்ணிக்கையில் அதுவே மிகப் பெரியது. முழுப் பலகைக்குப் போனால் 641 குறுக்கே வந்து விடுகிறது, வரைய முடியாது.

அடுத்தடுத்த ஃபெர்மா எண்களும் ஃபெர்மாவுக்கு உதவவில்லை. 2⁶⁴ + 1ஐ 1880இல் லாண்ட்ரி என்பவர் 82 வயதில் 274177 × 67280421310721 என்று உடைத்தார். 274177உம் அந்தக் கட்டளைக்குள்தான்: 256 × 1071 + 1. அதற்குப் பிறகு பார்த்த எதுவும் முதன்மையாக வரவில்லை.

ரியூசனில் அடுத்த கேள்வியாக இது வரக்கூடும்: எத்தனையாவது கட்டத்தில் நிறுத்தினால் மொத்த நெல் முதன்மை எண்? 64இல் நிறுத்தினால் ஏன் வராது என்று இப்போது தெரியும். கட்ட எண்ணிக்கை உடையுமானால் மொத்தமும் அதே தையலில் உடையும். எனவே முதன்மை எண்ணான கட்டங்களில்தான் நிறுத்த வேண்டும், அதுவும் எப்போதும் போதாது: 11இல் நிறுத்தினால் 2047, அது 23 × 89. பலகைக்குள் சரிவரும் இடங்கள் ஒன்பது: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. 31இல் வரும் 2147483647 முதன்மை என்று 1772இல் ஆய்லர் நிறுவினார். 61இல் வரும் 2305843009213693951 முதன்மை என்று 1883இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் கண்டார். கணினி இல்லாத காலம்.

பயிற்சிக்கு ஒரு கட்டம் குறைத்து 63ஐ எடுங்கள்: 2⁶³ − 1. இங்கே சுற்று நீளம் 63ஐ வகுக்க வேண்டும், எனவே 3, 7, 9, 21, 63. நீளம் 3 உள்ள 7 உடனே வரும். நீளம் 7 உள்ளது 127, நீளம் 9 உள்ளது 73. நீளம் 21 உள்ளதை 42இன் மடங்கோடு 1 என்று தேடுங்கள், 337 அகப்படும். 64க்கு நடக்காத ஒன்று இங்கே நடக்கிறது: 7 இரண்டு தடவை வரும், 49ஆலும் வகுபடும். 49க்கான சுற்று நீளத்தை நீங்களே எழுதிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். கடைசியில் 92737உம் 649657உம் வர வேண்டும். வந்தால் வழி சரி.